புதுப்பிப்பு: டிடிடியில் இன்க்ளூட், இக்னோர் பகுதிகளுக்கான சோதனை (தீர்ந்தது)

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பின்னால் தேடி வருபவர்களுக்காக விவரத்தை எழுதி வைக்கிறேன்.

கேள்வி இதுதான்: எக்ஸ்எம்எல் டிடிடியில் (ஆவணத்தில் எந்த உறுப்புகள், பண்புகள் வரலாம் என்று சொல்லும் விதித் தொகுப்பு) ஒரு நிபந்தனைப் பகுதிக்குள் (இன்க்ளூட் என்றால் சேரும், இக்னோர் என்றால் விலகும் பகுதி) 'நிலை' என்ற பண்புக்கு இயல்பு மதிப்பு கொடுத்திருந்தேன். அந்தத் தேர்வை வைத்திருக்கும் பாராமீட்டர் என்டிட்டியை (டிடிடிக்குள் மட்டும் பயன்படும், பெயரிட்ட மதிப்பு) இன்க்ளூட், இக்னோர் என்று மாற்றினாலும் பார்சர் (ஆவணத்தைப் படித்துப் பிரிக்கும் நிரல்) தந்த விளைவு மாறவே இல்லை.

"பார்சர் வெளி டிடிடி கோப்பைப் படிக்கிறதா என்று முதலில் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. ஆவணம் டிடிடிக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்காத பார்சர் அதைப் படித்தே ஆக வேண்டும் என்று எக்ஸ்எம்எல் 1.0 விதி சொல்லவில்லை. டிடிடி ஏற்றும் அமைப்பை இயக்கியதும் இன்க்ளூடில் 'நிலை' வந்தது, இக்னோரில் வரவில்லை.

பகுதியை ஆவணத்துக்குள்ளேயே எழுதும் உள் டிடிடிக்கு மாற்றும் யோசனை நடக்காது. விதிப்படி அங்கே அதற்கு இடமில்லை. பார்சர் பிழை காட்டியது நியாயம். ஆனால் என்டிட்டியின் மதிப்பை அங்கே வைக்கலாம். உள் டிடிடி முதலில் படிக்கப்படும், முதல் அறிவிப்பே செல்லும். ஆக, சோதனைக்கு ஒரே வெளி டிடிடி, இன்க்ளூடுக்கு ஒன்று, இக்னோருக்கு ஒன்று என்று இரண்டு சின்ன ஆவணங்கள் போதும்.

எதிர்பாராதது ஒன்று. பகுதிக்குள் இருந்த ஒரு கமெண்டில், பகுதியை முடிக்கும் குறியான ]]> வந்திருந்தது. இன்க்ளூடில் தொல்லையில்லை. இக்னோரிலோ பார்சர் கமெண்டையோ மேற்கோளையோ பார்ப்பதில்லை, பகுதியின் திறப்பையும் முடிப்பையும் மட்டுமே எண்ணுகிறது; பகுதி அங்கேயே முடிந்து மிச்சமெல்லாம் பிழையாக வெளியே வந்தது. இதற்கென்று தனிச் சோதனை அவசியம் எழுதுங்கள். அப்புறம், இக்னோருக்குள் இருக்கும் இன்க்ளூடும் சேர்ந்தே விலக்கப்படும்.