தண்ணீர், கழிவுநீர் பில் ஒரேயடியாக ஏறிவிட்டது. லண்டனில் எல்லோருக்கும் இப்படித்தானா?

தெற்குலண்டன்காரன்:
வணக்கம். தெற்கு லண்டனில் நூறு வருடப் பழைய வரிசை வீடு ஒன்றில் இருக்கிறோம், நான்கு பேர், மீட்டர் உண்டு. வருடத்துக்கு 510 பவுண்டு அளவில் வந்துகொண்டிருந்த பில், 2025 ஏப்ரலுக்குப் பிறகு 670ஐத் தொட்டுவிட்டது. வீட்டில் ஆளும் கூடவில்லை, தோட்டத்தில் குழாய் பிடித்துத் தண்ணீர் அடிக்கிற பழக்கமும் இல்லை, ஷவரில் பத்து நிமிடம் நிற்கிற மகனைத் திட்டித் திட்டி எனக்குத்தான் தொண்டை வறண்டது.

எனக்குப் புரியாதது கழிவுநீர்க் கட்டணம்தான். அதற்குத் தனி மீட்டரே கிடையாதே, எதை அளந்து காசு வாங்குகிறார்கள்? தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் தோண்டிய சுரங்கத்துக்காகத்தான் இவ்வளவும் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா? குறைக்க வழி உண்டா? கட்டாமல் விட்டால் தண்ணீரை வெட்டிவிடுவார்களா?

கணக்கப்பிள்ளை:
உங்களுக்கு மட்டும் இல்லை. தேம்ஸ் வாட்டர் பகுதியில் சராசரி பில் 2025 ஏப்ரலில் 31 சதவீதம் ஏறி 639 பவுண்டு ஆனது, உங்கள் கணக்கும் ஏறக்குறைய அதேதான். தென் இங்கிலாந்தின் சதர்ன் வாட்டர்காரர்களுக்கு அதே ஏப்ரலில் 47 சதவீதம் ஏறி 703 பவுண்டு ஆனது, அவர்களைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆஃப்வாட் 2024 டிசம்பரில் ஐந்து வருடத்துக்கு அனுமதித்த உயர்வு, பணவீக்கம் சேர்க்காமலே சராசரி 36 சதவீதம். அதில் பெரிய துண்டை முதல் வருடத்திலேயே வாங்கிவிட்டார்கள், அதனால்தான் இப்படி உறைக்கிறது.

கழிவுநீரை யாரும் அளப்பதில்லை. உள்ளே வந்த தண்ணீரில் பெரும்பகுதி திரும்பச் சாக்கடைக்கே போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு அந்த மீட்டரையே இரண்டு தரம் பயன்படுத்துகிறார்கள். ஆக மகனின் ஷவருக்கு இரண்டு பக்கமும் காசு, திட்டுவதை நிறுத்த வேண்டாம்.

சுரங்கம் பற்றி உங்கள் நண்பர் சொன்னது கால்வாசி சரி. டைட்வே என்கிற அந்தச் சுரங்கம் 25 கிலோமீட்டர், மேற்கே ஆக்டனிலிருந்து கிழக்கே ஆபி மில்ஸ் வரை, குறுக்களவு 7.2 மீட்டர், செலவு நாலரை பில்லியன் பவுண்டுக்கு மேல். 2025 பிப்ரவரியில்தான் எல்லா இணைப்பும் முடிந்தது. அதற்காக ஒரு வீட்டின் பில்லில் வருடத்துக்குச் சேர்வது சுமார் 25 பவுண்டு, அதுவும் ஒரேயடியாக இப்போது சேர்ந்தது இல்லை. உங்களுக்கு ஏறிய 160க்கு அதை மட்டும் கைகாட்ட முடியாது.

கட்டாமல் விட்டால் தண்ணீரை வெட்ட மாட்டார்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வீடுகளுக்கு வெட்டவே கூடாது. ஆனால் கடன் வசூல், கோர்ட் தீர்ப்பு என்று போய் உங்கள் கிரெடிட் ரெக்கார்டில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மார்ட்கேஜ் புதுப்பிக்கும்போதுதான் அதன் ருசி தெரியும்.

ஈஸ்ட்ஹாம் மச்சான்:
கணக்கப்பிள்ளை அண்ணா சொன்னதில் ஒரு கதை விட்டுப்போச்சு. 1989இல் தாட்சர் அரசு தண்ணீர் கம்பெனிகளைத் தனியாருக்கு விற்றபோது கடனை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தது. தேம்ஸ் வாட்டரை 2006இல் மக்குவாரி என்ற ஆஸ்திரேலிய முதலீட்டு வங்கியின் தலைமையில் வந்தவர்கள் வாங்கி 2017இல் போகும்போது, 3 பில்லியன் சொச்சமாக இருந்த கடன் 10 பில்லியனைத் தாண்டியிருந்தது, நடுவில் பங்கு லாபமும் நன்றாகவே எடுத்தார்கள். 2025 மே மாதம் அதே கம்பெனிக்கு ஆஃப்வாட் போட்ட அபராதம் 122.7 மில்லியன், அதில் 18.2 மில்லியன் கொடுக்கக் கூடாத நேரத்தில் பங்கு லாபம் கொடுத்ததற்கு. குழாய் மாற்ற வேண்டிய காலத்தில் காசை எடுத்துக்கொண்டு போய்விட்டு, இப்போது குழாய் பழசாகிப் போச்சு, நீங்கள் கொடுங்கள் என்றால் எப்படி? ஒரே விஷயத்துக்கு இரண்டு தரம் கட்டுகிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

கணக்கப்பிள்ளை:
கோபம் நியாயம், நான் மறுக்கவில்லை. ஆனால் தனியார் இல்லாவிட்டால் ஏறியிருக்காது என்று மட்டும் நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் தண்ணீர் அரசு கையில்தான் இருக்கிறது, அங்கேயும் 2025 ஏப்ரலில் 9.9 சதவீதம் ஏற்றினார்கள். 31க்கும் 9.9க்கும் நடுவில் இருப்பதைப் பற்றி நீங்கள் தாராளமாகச் சண்டை போடலாம்.

லண்டன் சாக்கடையின் முதுகெலும்பு இன்னும் பேசல்ஜெட் என்ற பொறியாளர் கட்டியதுதான். 1858 கோடையில் ஆற்று நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே திணறிய பிறகு கட்ட ஆரம்பித்தார்கள். அவர் போட்ட கணக்கு சுமார் 40 லட்சம் பேருக்கு, இப்போது நாம் கிட்டத்தட்ட 90 லட்சம். பெரும்பகுதியில் மழைநீரும் கழிவும் ஒரே குழாயில் ஓடுகிறது, நிரம்பினால் வீட்டுக்குள் எதிர்த்து வராமல் ஆற்றில் கொட்டட்டும் என்றே அந்தக் காலத்தில் வழி வைத்தார்கள். முன்பெல்லாம் பெருமழைக்குத்தான் கொட்டும், பிறகு சாதாரணத் தூறலுக்கே கொட்ட ஆரம்பித்தது. அதைப் பிடித்து வைக்கத்தான் அந்தச் சுரங்கம்.

பழைய பிளம்பர்:
பதினெட்டு வருடமாக இந்த வேலை. நீங்கள் மூவரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன், அடைப்பில் பாதி நம் சமையலறையிலிருந்துதான் வருகிறது. போன தீபாவளிக்கு மறுநாள் ஒரு வீட்டில் மேன்ஹோல் மூடியைத் தூக்கினேன். உள்ளே வெள்ளையாக, தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்தது போல ஒரு தட்டு, மேலே ஒரு முழு வடைத் துண்டு. கம்பியால் குத்தினால் டங் என்று சத்தம் வருகிறது. அதற்குள் வெட் வைப்ஸ் சுற்றிக் கயிறு மாதிரி முறுக்கேறிக் கிடந்தது. பாக்கெட்டில் ஃப்ளஷ் பண்ணலாம் என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். 2017இல் வைட்சேப்பலில் எடுத்தார்களே 130 டன் கொழுப்புக் கட்டி, 250 மீட்டர் நீளம், அது இதே கலவைதான். வடை சுட்ட எண்ணெயை ஆறவைத்துப் பழைய போத்தலில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள்.

இன்னொன்று, பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஓடுகிற குழாய் அடைத்தால் என் மாதிரி ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்காதீர்கள் (என் பிழைப்பில் நானே மண் போடுகிறேன்). 2011 அக்டோபரிலிருந்து பெரும்பாலான பொதுக் குழாய்கள் கழிவுநீர் கம்பெனியின் பொறுப்பு, அவர்களே வந்து எடுக்க வேண்டும். உங்கள் எல்லைக்குள், உங்கள் வீட்டுக்கு மட்டும் என்று ஓடுவதுதான் உங்கள் தலையில்.

பில் குறைக்கக் கேட்டீர்கள். கூரை மழைநீர் சாக்கடைக்குப் போகாமல் தோட்டத்தில் புதைத்த கல்குழியில் இறங்குகிறது என்றால், மழைநீர் வடிகாலுக்கான பங்கைக் கழிக்கச் சொல்லி மனுப் போடலாம். நிறையப் பேருக்கு இது தெரியவே தெரியாது. பார்ப்பது எப்படி? ஒரு வாளித் தண்ணீரில் கேசரிப் பவுடரைக் கரைத்துக் கூரையிலிருந்து இறங்கும் குழாயில் ஊற்றுங்கள், மேன்ஹோலைத் திறந்து வைத்து யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கலர் வராவிட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

கணக்கப்பிள்ளை:
அதோடு வாட்டர்ஷுவர் என்று ஒரு சலுகை உண்டு. மீட்டர் இருந்து, அரசு உதவித்தொகை வாங்கி, பள்ளி வயதுப் பிள்ளைகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது நோய் காரணமாகத் தண்ணீர் அதிகம் தேவைப்பட்டால் பில்லுக்கு உச்சவரம்பு கிடைக்கும். உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது, வாசிக்கிற வேறு யாருக்காவது பயன்படலாம்.

தெற்குலண்டன்காரன்:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை காலை பிளம்பர் அண்ணா சொன்னபடியே செய்தேன். மகன் மேன்ஹோலில் டார்ச் பிடித்துக் குனிந்து நின்றான், நான் பின்பக்கக் குழாயில் ஊற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, "அப்பா, ஆரஞ்சு" என்று கத்துகிறான். முன்பக்கமும் அதேதான். மழைநீர்ப் பங்கில் தள்ளுபடி கிடையாது, கேசரிப் பவுடர் டப்பா காலி, விருந்தாளிகள் வருகிற நாளில் இதுதானா வேலை என்று வீட்டில் திட்டு வேறு.

ஈஸ்ட்ஹாம் மச்சான்:
அந்த ஆரஞ்சுத் தண்ணீருக்கும் உங்களிடம்தான் காசு வாங்குவார்கள் 😄