சாந்தில்லாத கல் சுவர்: முதலில் பிரிக்கச் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

சாந்து பூசாமல் கல்லை அடுக்கியே சுவர் எழுப்பும் வேலையை ஒரு வார இறுதிக்குள் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று போன வாரம் மடல் வந்திருந்தது. முடியும். பிரிட்டனில் 1968-இல் தொடங்கிய உலர்கல் சுவர்க் கலைஞர் சங்கத்தின் கிளைகள் இப்படித்தான் இரண்டு நாள் பயிற்சிகளை நடத்துகின்றன. ஆனால் நடத்துகிற முறையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புதுச் சுவரில் தொடங்காதீர்கள். இடிந்து சரிந்த பழைய சுவர் ஒன்றைத் தேடிப் பிடித்து, முதல் அரை நாள் முழுக்க அதைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

பிரிக்கும்போதுதான் சுவரின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். வெளியே ஒரே சுவராகத் தெரிவது உண்மையில் இரண்டு சுவர்கள். அடியில் அகலமாகத் தொடங்கி, மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்கிற இரண்டு முகங்கள். நடுவில் சக்கை எனப்படும் சின்னக் கற்கள். பாதி உயரத்தில் இரண்டு முகங்களையும் பிணைத்துக் குறுக்கே போகும் நீளமான கட்டுக்கல், ஏறக்குறைய மீட்டருக்கு ஒன்று. உச்சியில் எல்லாவற்றையும் அழுத்திப் பிடிக்கும் தலைக்கற்கள். இதைப் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கலாம்தான். ஆனால் தன் கையால் ஒவ்வொரு கல்லாக உருவி எடுத்தவருக்கு அந்த விளக்கமே தேவைப்படாது.

எடுத்த கல்லை எங்கே வைக்கிறோம் என்பதும் பாடம்தான். தலைக்கற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால், அடுத்து முகக்கற்கள், அடிக்கற்கள் சுவருக்கு அருகில், சக்கைக் கற்கள் தனிக் குவியலாக. சுவரை ஒட்டி ஆள் நடக்க இடம் விட வேண்டும். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான சுவர் என்றாலும், ஒரு மீட்டர் நீளத்துக்கே ஒன்றரை டன்னுக்கு மேல் கல் இருக்கும். கால் இடறினால் காயம் நிச்சயம்.

அப்புறம் வானத்தை, அதாவது அடித்தளக் குழியை, கெட்டி மண் வரை சுத்தம் செய்து, சுவரின் சாய்வைக் காட்டும் சட்டம் நட்டு, நூல் பிடித்துவிட்டுக் கட்டத் தொடங்கலாம். சொல்ல வேண்டிய விதிகள் கொஞ்சம்தான். இரண்டு கல்லின் சந்திப்பின் மேல் ஒரு கல் உட்கார வேண்டும். சந்து மேலும் கீழும் ஒரே கோட்டில் ஓடக் கூடாது. கல்லின் நீளம் சுவருக்குள் போக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நடுவை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

மூன்றாவது விதியில்தான் கிட்டத்தட்ட எல்லோரும் தவறுகிறார்கள். நானும் தவறினேன். என் முதல் பயிற்சியில் அழகான நீளக் கல் ஒன்றை, முழு முகமும் வெளியே தெரியும்படி படுக்க வைத்தேன். பயிற்சி தந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையை எடுத்து அந்தக் கல்லின் மேல் வைத்து, பின்பக்கத்திலிருந்து அழுத்தச் சொன்னார். கல் அப்படியே முன்னால் நகர்ந்தது. அதே கல்லைத் திருப்பி, முனை மட்டும் வெளியே தெரிய உள்ளே செலுத்தினார். இந்த முறை அசையவில்லை. அன்றைக்குப் புரிந்ததை நான் மறக்கவே இல்லை. பயிற்சிக்கு உதவியாக நிற்கும்போதெல்லாம் நானும் வாயைக் குறைத்துக்கொண்டு, புதியவரின் கையைக் கல்லின் மேல் வைக்கச் சொல்கிறேன்.

நடுவை நிரப்புவதைச் சிறுவர்களிடம் தள்ளிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினால் கற்கள் காலப்போக்கில் இறங்கி, முகம் பிதுங்கும். மண்ணைப் போட்டால் இன்னும் மோசம், தண்ணீர் வடியாது. சாந்து இல்லாத சுவர் நிற்பதே தண்ணீரை விட்டுவிடுவதாலும், நிலம் அசைந்தால் தானும் கொஞ்சம் அசைந்து கொடுப்பதாலும்தான். ஆகவே சக்கையையும் ஒவ்வொன்றாகக் கையால் இறுக்கி வைக்க வேண்டும். சிறுவர்கள் செய்யட்டும், பெரியவர்களும் கூடவே உட்கார்ந்து செய்யட்டும்.

ஆள் கணக்கு: கற்றுத்தர இரண்டு பேர் இருந்தால் பத்து, பன்னிரண்டு பேர் போதும். புதியவர் ஒருவர் இரண்டு நாளில் ஒரு மீட்டர் நீளம் கட்டினாலே நல்ல வேலை. கெட்டியான காலணி, கையுறை, சுத்தியல் எடுத்தால் கண்ணாடி. இவற்றில் சமரசம் வேண்டாம்.

யுனெஸ்கோ 2018-இல் குரோவேஷியா, சைப்ரஸ், கிரீஸ் உட்பட எட்டு நாடுகளின் பெயரில் இந்தக் கலையை அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2024-இல் அயர்லாந்து முதலான இன்னும் ஐந்து நாடுகள் சேர்ந்தன. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியல் கல்லைத் தூக்காது; அடுத்த தலைமுறையின் கை தூக்க வேண்டும்.

இடம் தேடுகிறவர்கள் இடிந்த சுவர் கண்ணில் பட்டால், உரியவரிடம் கேட்டுவிட்டு, முன்பக்கத்தைவிட சுவர் உடைந்து திறந்திருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். உள்கட்டு அதில்தான் தெரியும். எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்கு வேலை இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.