எண்ணூரில் பார்த்த எங்கள் ஊர்த் தண்ணீர்

பாலாறு நந்தி மலையில் பிறந்து வயலூர் அருகே கடலில் சேர்கிறது என்றுதான் எல்லோரும் படித்திருப்போம். வாலாஜாபேட்டைக்காரனான எனக்கு அது பாதிக் கணக்கு. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாலாற்று அணைக்கட்டில் தண்ணீர் வந்தால் ஒரு பங்கு கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் திரும்பும். அந்த ஏரி நிரம்பிக் கோடி போனால் மிச்சம் கொசஸ்தலையாற்றில் விழுந்து, பூண்டியைத் தாண்டி எண்ணூரில் கடலைத் தொடும். கொசஸ்தலையாறுதான் பாலாற்றின் பழைய தடம் என்று சொல்லும் புவியியல் அறிஞர்களும் உண்டு.

2021 நவம்பரில் அணைக்கட்டைத் தாண்டி நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. செம்மண் நிறத் தண்ணீர். வேரோடு வந்த சீமைக்கருவேல மரங்கள் மதகில் மோதி நின்றன. வருடம் முழுக்க மணலையே பார்த்துப் பழகிய ஊர் குடும்பம் குடும்பமாகக் கரையில் திரண்டது. போலீஸ் விரட்ட விரட்டத் திரும்பி வந்தார்கள். பாட்டிமார்கள் மஞ்சள் குங்குமம் தூவிக் கும்பிட்டார்கள்.

அடுத்த தை மாதம் உறவினர் திருமணத்துக்கு எண்ணூர் போனபோது முகத்துவாரப் பக்கம் நடந்தேன். இடுப்பளவு தண்ணீரில் ஓர் அம்மா, பிடித்ததைப் போட்டுவைக்கும் பறிக் கூடையைப் பல்லில் கடித்தபடி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். கரையேறியதும் பேச்சுக் கொடுத்தேன்.

"எந்த ஊர் தம்பி?"

"வாலாஜாபேட்டை அம்மா. எங்கள் ஊர்த் தண்ணீரும் இங்கேதான் வருகிறது."

"அப்படியா? இன்னும் கொஞ்சம் அனுப்பக் கூடாதா? நல்ல தண்ணீர் இறங்கினால்தான் இறால் படும். சாம்பல் படிந்து பள்ளமெல்லாம் தூர்ந்துவிட்டது, காலை வைத்தால் புதைகிறது."

அனல்மின் நிலையச் சாம்பலைத்தான் சொன்னார். எங்கள் பக்கம் தோல் கழிவு, அவர் பக்கம் சாம்பல். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும் எங்கள் பக்கம் உப்பேறிய கிணறுகளுக்குக் குறைவில்லை என்றேன். "அதையும் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள்" என்று சிரித்தார்.

எடை போடாமல் ஒரு கை இறாலை அள்ளிப் பையில் போட்டார். காசு கொடுத்தேன், பேரமெல்லாம் இல்லை. அளவில் சிறியதுதான், ஆனால் சென்னைச் சந்தையில் ஐஸில் கிடப்பதற்கும் இதற்கும் ருசியில் சம்பந்தமே இல்லை. அத்தை வெறும் மிளகு, பூண்டு போட்டு வறுத்துக் கொடுத்தார்.

காவேரிப்பாக்கம், பூண்டிப் பக்கத்து நண்பர்கள் யாராவது இருந்தால், அந்த வெள்ளத்தில் உங்கள் ஊர் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.