சிஆர்பி இறங்கிவிட்டது, விரல் வீக்கம் இறங்கவில்லை: எதை நம்புவது?

மஞ்சக்குப்பம் மகள் (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. ஒன்பது ஆண்டுகளாகச் சரவாங்கி (மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம்) இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை மட்டும் போதாமல் போகவே, இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தின் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றிக்கொள்ளப் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்கிறேன். உடம்பில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் உயரும் சிஆர்பி என்ற புரதம், முதல்முறை ஏற்றுவதற்கு முன் லிட்டருக்கு 46 மில்லிகிராமாக இருந்தது; இரண்டே வாரத்தில் 1-க்கும் கீழே வந்துவிட்டது. அறிக்கையைக் கொடுத்த பரிசோதனைக்கூட ஊழியர், நோய் அடங்கிவிட்டது என்றே சொல்லி அனுப்பினார். ஆனால் வலக்கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் வீக்கம் அப்படியே இருக்கிறது. காலையில் கோலமாவை எடுத்தால், அது இழையாக இறங்காமல் பொத்தென்று கொட்டிவிடுகிறது. இரத்தம் ஒன்றைச் சொல்ல, விரல் வேறொன்றைச் சொல்வது எதனால்?

முத்தியால்பேட்டைக்காரர் (புதுச்சேரி):

சிஆர்பி என்பது மறைமுகமான அளவுதானே? இன்டர்லூக்கின்-6 அளவையே நேரடியாகப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். கொரோனா காலத்தில் பலருக்கும் அந்தப் பரிசோதனையை எடுத்தார்கள்.

உடலியங்கியல் ஆசிரியர் (லாஸ்பேட்டை):

அந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்; காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சிஆர்பி மூட்டில் ஊறுவதன்று, கல்லீரல் செய்வது. வீங்கிய மூட்டின் உட்சவ்வில் திரண்டிருக்கும் அணுக்கள் இன்டர்லூக்கின்-6-ஐச் சுரக்கின்றன. அது இரத்தத்தோடு போய்க் கல்லீரல் அணுக்களில் உள்ள தன் ஏற்பியில் பொருந்திய பிறகே சிஆர்பி பெருமளவில் உற்பத்தியாகிறது. டோசிலிசுமாப் அந்த ஏற்பியை அடைத்துக்கொள்ளும் எதிர்ப்பொருள். ஏற்பி அடைபட்டுவிட்டால், மூட்டில் அழற்சி மிச்சமிருந்தாலும் கல்லீரலுக்குச் செய்தி போய்ச் சேராது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் அறிக்கை, மருந்து ஏற்பிகளைப் போதிய அளவு மூடியிருக்கிறது என்பதைக் காட்டுகிறதே தவிர, மூட்டின் நிலையைக் காட்டவில்லை. சிவப்பணுக்கள் அடியில் படியும் வேகத்தை அளக்கும் ஈஎஸ்ஆர் பரிசோதனையும் இதே கதைதான்: சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து விரைவில் அடியில் படியச் செய்யும் பைப்ரினோஜனையும், இதே புரதத்தின் தூண்டுதலால் கல்லீரலே கூடுதலாகச் செய்கிறது.

இந்தப் புரதத்துக்கு இவ்வளவு வேலைகள் இருப்பது தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. 1986-இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் கிஷிமோட்டோ, ஹிரானோ குழுவினர் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தபோது, பி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களை எதிர்ப்பொருள் சுரக்கும் நிலைக்கு முதிரச் செய்யும் பொருளைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். கல்லீரலைத் தூண்டும் பொருளும் இதுவே என்பது பிறகுதான் தெரியவந்தது. மூட்டில் இது எலும்பைக் கரைக்கும் அணுக்கள் உருவாகவும் துணைபோகிறது. ஆனால் அங்கே டிஎன்எஃப் போன்ற வேறு சைகைப் புரதங்களும் இருக்கின்றன. தடித்துப்போன சவ்வு ஒரே நாளில் வற்றுவதும் இல்லை. கல்லீரல் சில நாட்களில் அடங்கிவிடும். விரலுக்கு வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும்.

இனி முத்தியால்பேட்டை நண்பருக்கு: இயல்பான நிலையில் இன்டர்லூக்கின்-6 தன் ஏற்பியோடு சேர்ந்து அணுவுக்குள் இழுக்கப்பட்டுக் கழிகிறது. அந்த வழி அடைபட்டிருப்பதால் மருந்து ஏற்றிய பின் இரத்தத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். அந்த எண்ணைப் பார்த்து அம்மா பயந்துபோவதுதான் மிச்சமாகும்.

இதில் ஆபத்தான பக்கமும் ஒன்று உண்டு. கிருமித்தொற்று வந்தாலும் சிஆர்பி உயராமல் போகலாம். காய்ச்சலும் மட்டுப்பட்டே தெரியலாம். ஆகையால் இருமல், சிறுநீர் எரிச்சல், ஆறாத புண் எதுவாயினும், சிஆர்பி சரியாக இருக்கிறதே என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். கடும் வயிற்றுவலி வந்தால் ஒரு மணி நேரமும் தள்ளிப்போடக் கூடாது. அரிதாகக் குடலில் துளை விழுந்ததுண்டு.

நெல்லிக்குப்பம் அண்ணன்:

என் தம்பிக்கு முதுகெலும்பு இறுகிப்போகும் அன்கைலோசிங் ஸ்பான்டிலைடிஸ். அவனுக்கும் சிஆர்பி அதிகம் என்பதால் இதே மருந்தைக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டோம், மருத்துவர் மறுத்துவிட்டார். அந்த நோயில் டோசிலிசுமாப்பைச் சோதித்துப் பார்த்தபோது சிஆர்பி நன்றாகவே இறங்கியதாம். ஆனால் வெற்று மருந்து பெற்றவர்களைவிட நோய்க்குறிகள் தணியவில்லையாம். இப்போது அவனுக்கு இன்டர்லூக்கின்-17-ஐத் தடுக்கும் ஊசி போடுகிறோம்; காலையில் குனிந்து தானே செருப்பு மாட்டிக்கொள்கிறான். ஆசிரியர் சொன்னதைப் படித்த பிறகுதான் அன்றைய மறுப்பின் பொருள் எனக்கு விளங்கியது.

மஞ்சக்குப்பம் மகள்:

மிக்க நன்றி. நேற்று போய்வந்தோம். மருத்துவர் இரத்த அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, 28 மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். வீக்கம் நான்கில், வலி ஆறில் என்று குறித்துக்கொண்டார். இரத்தப் பரிசோதனை எண் எதுவும் சேராத சிடிஏஐ என்ற கணக்கைத்தான் அம்மாவுக்குப் பின்பற்றப் போவதாகவும், மூன்றாவது மாதம் அதை வைத்தே முடிவெடுப்பதாகவும் சொன்னார். இன்னொரு சந்தேகம்: ஹீமோகுளோபின் 9.4-இலிருந்து 10.6-க்கு ஏறியிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை எதுவும் கொடுக்கவில்லையே?

உடலியங்கியல் ஆசிரியர் (லாஸ்பேட்டை):

அதுவும் இந்தப் புரதத்தின் வேலைதான். இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்யும். ஹெப்சிடின் கூடினால் இரும்பு சேமிப்பிடங்களிலேயே பூட்டப்பட்டு எலும்பு மஜ்ஜைக்குக் கிடைக்காது. மருந்து அந்தத் தூண்டுதலை நிறுத்தியதும், உடம்பில் ஏற்கெனவே இருந்த இரும்பு வெளியே வந்திருக்கும். அம்மாவின் சோர்வு குறைந்தால் நல்லதுதான். ஆனால் இதுவும் கல்லீரல் வழியே வந்த மாற்றம் என்பதால், மூட்டுக் கணக்கில் இதைச் சேர்க்காதீர்கள்.