தொட்டியில தண்ணி இருக்குன்னு சொன்னேன்

ஒத்தைமிதி:
ஆஸ்திரேலியாவோட தெற்குல இருக்கிற நல்லாபோர் வெளிக்குப் போனவங்களுக்கு அந்த நேர்ரோடு தெரியும். பலடோனியா தாண்டினதும் ஆரம்பிச்சு கைகூனா வரைக்கும் 146.6 கிலோமீட்டர், ஒரு வளைவு கிடையாது. (பேரைக் கேட்டதுமே "நல்லா போரடிக்குமா"ன்னு வீட்டுல கேட்டாங்க. அடிக்கும்.) நான் மேற்கே நார்ஸ்மன்ல கிளம்பி கிழக்கே செடூனாவுக்கு, சுமார் 1,200 கிலோமீட்டர், சைக்கிள்ல, தனியா. பலடோனியாவுல 12 லிட்டர் தண்ணி ஏத்திக்கிட்டேன். டயர், கியர் கதையெல்லாம் இன்னொரு நாள்.

ரெண்டாம் நாள் மத்தியானம் எதிர்ல ஒரு புள்ளி. அங்க வர்றது லாரியா, ஈமுவா, வெறும் கானலான்னு கிட்ட வந்தாத்தான் தெரியும். இந்தப் புள்ளி ஆடி ஆடி வந்துச்சு. சைக்கிள். மஞ்சள் பை ரெண்டு, தொப்பி மேல ஈ வலை. அறுபது வயசிருக்கும் மனுஷனுக்கு. எல்லையில பழம், தேன் எல்லாத்தையும் வாங்கிப் போட்டுட்டாங்கன்னு சொல்லிச் சிரிச்சார். என்கிட்ட இருந்த ஆரஞ்சுல ஒண்ணைக் கொடுத்தேன். உரிக்கலை, தோலோட கடிச்சார்.

"பின்னாடி தண்ணி இருக்கா?"ன்னு கேட்டார். "முப்பது கிலோமீட்டர்ல ரெஸ்ட் ஏரியா, மழைத்தண்ணித் தொட்டி இருக்கு"ன்னேன். அதைக் கேட்டதும் கையில இருந்த பாட்டிலைத் திறந்து பாதியைக் கழுத்துல ஊத்திக்கிட்டார். தார்ல விழுந்த தண்ணி நாங்க பேசிக்கிட்டு இருக்கும்போதே காஞ்சு போச்சு.

ரெண்டு கிலோமீட்டர் போனப்புறம்தான் உறைச்சுது. தொட்டியைப் பார்த்தேன், போட்டோகூட எடுத்தேன். குழாயைத் திறந்து பார்க்கலை.

நின்னு திரும்பிப் பார்த்தா அந்த ரோட்டுல அவர் இன்னும் தெரியறார். திரும்பினா எனக்கு எதிர்க்காத்து. காலையிலேர்ந்து முதுகுல தள்ளிக்கிட்டு வந்த அருமையான காத்து. திரும்பலை.

சாயங்காலம் கைகூனா ரோட்ஹவுஸ்ல (பெட்ரோல், சாப்பாடு கிடைக்கிற வழிக்கடை) ஒரு லாரிக்காரர்கிட்ட சொன்னேன். "அந்தத் தொட்டியா? கொஞ்ச நாளா வறண்டு கிடக்குன்னு சொல்றாங்களே"ன்னார். ரேடியோவுல, லாரிக்காரங்க பேசிக்கிற 40ஆம் சேனல்ல, மேற்கே போற யாராச்சும் மஞ்சள் பை சைக்கிள்காரரைப் பார்த்தா தண்ணி கொடுங்கன்னு சொன்னார். கொஞ்ச நேரம் கரகரன்னு சத்தம். அப்புறம் ஒரே ஒரு குரல், "சரி". அவ்வளவுதான். அவர் பேர்கூட நான் கேட்கலை.

மணல்வாரி:
நண்பா, மனசுல வெச்சுக்காதீங்க. அது ஐர் நெடுஞ்சாலை, 1976லயே முழுசா தார் போட்டாச்சு. பகல்ல காரவான் (கார் பின்னாடி இழுத்துட்டுப் போற சக்கர வீடு) போய்க்கிட்டே இருக்கும், கையைக் காட்டினா நிறுத்துவாங்க. ஆனா பார்க்காத தண்ணியை இருக்குன்னு சொன்னது தப்புதான், அதையும் சொல்லிடறேன்.

என்னோடது தார் பாலைவனம். ஜெய்சால்மர், ராம்கட், தனோட், 120 கிலோமீட்டர் இருக்கும். டிசம்பர். ராம்கட் தாண்டி ஒரு வீட்டு வாசல்ல தண்ணி கேட்டேன். பெரியவர் ஒருத்தர் டாங்காவோட மூடியைப் பூட்டு திறந்து எடுத்தார். ஆமா, தண்ணிக்குப் பூட்டு. மழைத்தண்ணியைச் சேர்த்து வைக்கிற நிலத்தடித் தொட்டி அது. குடிச்சேன். மிச்சத்தை நம்ம ஊர் பழக்கத்துல முகத்துல அடிச்சேன் பாருங்க, அவர் ஒண்ணுமே சொல்லலை. ஒரு இரும்புத் தட்டைக் காலால என் முகத்துக்குக் கீழ நகர்த்தி வெச்சார். சொட்டுனது அதுல விழுந்துச்சு. நான் துடைச்சு முடிச்சதும் அதை எடுத்துட்டுப் போய் ஆட்டுக்குட்டி முன்னாடி வெச்சுட்டார்.

இன்னைக்கும் பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்து விட்டா அந்தத் தட்டு நகர்ற சத்தம் கேட்கும்.

தெற்குவாசி:
ஒத்தைமிதி அண்ணை, மேற்கிலிருந்து கிழக்கை போனால் பின்காத்து எண்டு எல்லாரும் எழுதுறியள். அது குளிர்காலக் கதை. கோடையிலை காத்து கிழக்காலையும் தென்கிழக்காலையும்தான் கூட வரும். நான் ஜனவரியிலை போய் நல்லா வாங்கிக் கட்டினனான்.

என்ரை கதை சின்னன். அதே ரோட்டிலை, கைகூனாவுக்குக் கிழக்கை இருக்கிற காக்கில்பிடிக்குக் கிட்ட இரவு ரோட்டை விட்டு உள்ளுக்கை சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் கூடாரம் அடிச்சன். விடிய எழும்பிப் பார்த்தால் ரெண்டு ரயரும் சப்பை. நெருஞ்சி முள்ளு. ஊரிலை வெறுங்காலோட ஓடித் திரிஞ்சு மிதிச்ச அதே நெருஞ்சி, அதே மஞ்சள் பூ. பதினொரு முள்ளுப் பிடுங்கினன். அதைக் கையிலை வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தன். அந்த நேரம் ஒரு காரவான் அம்மா நிப்பாட்டி, "ஏன் அழுறாய், பஞ்சர்தானே?" எண்டு கேட்டவ. என்னத்தைச் சொல்லுறது.

இனிப் போறவைக்கு: கூடாரத்துக்குப் போகேக்கை சைக்கிளை உருட்டாதேங்கோ, தூக்கிக்கொண்டு போங்கோ. ரியூபுக்குள்ளை ஓட்டையை அடைக்கிற சீலன்ட் ஊத்துங்கோ. ஒட்டுப்போட முதல் ரயருக்கு உள்பக்கம் பஞ்சை ஓடவிட்டுப் பாருங்கோ, முறிஞ்ச முள்ளு பஞ்சிலை மாட்டும். விரலாலை தடவினால் விரல் போகும். போனை நம்பாதேங்கோ, ரோட்ஹவுஸைத் தாண்டினால் கனதூரத்துக்கு சிக்னல் இல்லை, அவசரத்துக்கு, நிக்கிற இடத்தைச் சாட்டிலைட்டாலை அறிவிக்கிற லொகேட்டர் பீக்கன் ஒண்டு வாங்குங்கோ. ஈ வலை கட்டாயம். ரோட்ஹவுஸுகளிலை தண்ணி சும்மா கிடைக்கும் எண்டு நினையாதேங்கோ, காசு குடுத்து வாங்கத்தான் வேணும். கைகூனா தாண்டினால் மணிக்கூட்டை 45 நிமிசம் முன்னுக்குத் தள்ளோணும், அரை மணியுமில்லை ஒரு மணியுமில்லை. கடை பூட்டின பிறகு போய் நிண்டு முழிக்காதேங்கோ. ரோட் ரெயின் (கன பெட்டியளை இழுக்கிற நீட்டு லாரி) பின்னாலை வந்தால் வீரம் காட்டாமல் இறங்கி நில்லுங்கோ, அது விலத்திப் போற காத்து முதல் தள்ளும், பிறகு இழுக்கும்.

மணல்வாரி:
அறிவுரை யாருமே கேட்கலையே அண்ணே! :) அந்தப் பஞ்சு விஷயம் மட்டும் எழுதி வெச்சுக்கிட்டேன்.

பழையசெயின்:
1896ல ஆர்தர் ரிச்சர்ட்சன்னு ஒருத்தர் கூல்கார்டியிலேர்ந்து அடிலெய்டுக்கு இதே வெளியை 31 நாள்ல சைக்கிள்ல கடந்தார். ரோடே கிடையாது, தந்திக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே போனார். நீங்க என்னடான்னா குழாய் திறந்துச்சா இல்லையான்னு.

ஒத்தைமிதி:
பழையசெயின், ரிச்சர்ட்சன் யாருக்கும் தப்பா வழி சொல்லிட்டுப் போகலையே.

தெற்குவாசி அண்ணே, நான் போனது ஜூலை. காத்து சரியாத்தான் இருந்துச்சு, அதுதான் பிரச்சினையே. எதிர்க்காத்துல வந்தவர் மெதுவாத்தான் போயிருப்பார், நினைச்சிருந்தா பிடிச்சிருக்கலாம். என் பையில அப்போ ஆறு லிட்டருக்கு மேல இருந்துச்சு. அதை முதல் பதிவுல எழுதலை. எழுத வரலை.

ரெண்டு வருஷம் கழிச்சு குடும்பத்தோட கார்ல அந்த வழியா போனோம். அந்தத் தொட்டி இருந்த அதே ரெஸ்ட் ஏரியாவுல நிறுத்தினேன். பையன் ஒண்ணுக்குப் போகணும்னான், சாக்கு கிடைச்சுது. குழாயைத் திறந்தேன். முதல்ல காத்து, அப்புறம் துருத்தண்ணி, அப்புறம் நல்ல தண்ணி. மனைவி கார்லேர்ந்து, "குடிக்கிற தண்ணிதான் இருக்கே, அதை ஏன் அப்படிப் பார்த்துக்கிட்டு நிக்கறீங்க"ன்னா.

அன்னைக்கு வந்துச்சான்னு அது எப்படிச் சொல்லும். மூடிட்டு வந்து வண்டியை எடுத்தேன்.