நோயாளி பேசும் ஆங்கிலம் புரிய ஃபிரேசல் வெர்ப்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: மதுரைச் செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு செவிலியராக இருக்கிறேன். பிரிட்டன் போவதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவச் சொற்களில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. எடிமா (வீக்கம்), டிஸ்ப்னியா (மூச்சுத்திணறல்) எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். லிஸனிங் பகுதியில் நோயாளி வாய் திறந்தால்தான் திணறுகிறேன். நேற்றுக் கேட்ட ஒலிப்பதிவில் ஒரு பெண்மணி, ‘ஐ ஹேவ் கான் ஆஃப் மை ஃபுட், ஐ கான்ட் கீப் எனிதிங் டவுன்’ என்கிறார். தனித்தனியாக எல்லாமே தெரிந்த சொற்கள்தான். சேர்ந்து வரும்போது ஒன்றும் பிடிபடவில்லை. தேர்வில் ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும் என்பதால் நின்று யோசிக்கவும் நேரமில்லை.

வினையோடு அப், ஓவர் போன்ற சிறு சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் இந்த ஃபிரேசல் வெர்ப்களுக்கு, பயிற்சி மையத்தில் கெட் அப், கெட் ஓவர், கெட் பை, கெட் அவே என்று நீளமான பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். இரவு மனப்பாடம் செய்தால் காலையில் ஒன்றுக்கு ஒன்று மாறிப்போகிறது. வேறு நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: நாகர்கோவில்காரி

தங்கை, அந்தப் பட்டியலை முதலில் மூடி வையுங்கள். ‘கெட்’ என்ற ஒரே வினையின் கீழ் எல்லாவற்றையும் அடுக்கிப் படித்தால் குழம்பத்தான் செய்யும். நான் வடக்கு இங்கிலாந்தில் முதியோர் வார்டில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள பாட்டி தாத்தாக்கள் ‘வாமிட்’, ‘அப்பிடைட்’ என்றெல்லாம் அதிகம் பேசமாட்டார்கள். அவர்கள் பேச்சு முழுக்க இந்தச் சின்னச் சின்னச் சொற்கள்தான். நோய் தொடங்கி, ஏறி, தணியும் வரிசையில் படித்துப் பாருங்கள். நமக்கு அந்த வரிசை ஏற்கெனவே மனத்தில் இருக்கிறது.

வலி தொடங்குவது ‘கம் ஆன்’. சளி, காய்ச்சல் பிடிப்பது ‘கம் டவுன் வித்’. அடங்கிக் கிடந்த மூட்டுவலி மறுபடி கிளம்பினால் ‘ஃப்ளேர் அப்’. வீக்கம் வடிவது ‘கோ டவுன்’. நோயிலிருந்து தேறுவது ‘கெட் ஓவர்’. பிழைப்பாரா என்ற நிலையிலிருந்து மீண்டு வந்தால் ‘புல் த்ரூ’. நீங்கள் கேட்ட பெண்மணிக்குச் சாப்பாட்டில் மனம் போகவில்லை, சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவும் இல்லை. அவ்வளவுதான்.

‘வேர் ஆஃப்’ என்பதை மட்டும் மிகக் கவனமாகப் படியுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர், ‘தி பெயின்கில்லர் இஸ் வேரிங் ஆஃப்’ என்கிறார். ‘பெயின்’ என்பதும் ‘ஆஃப்’ என்பதும் மட்டும் காதில் விழுந்தால் வலி போய்விட்டது என்று தோன்றும். அவர் சொல்வது நேர்மாறு: மருந்தின் வேகம் இறங்குகிறது, வலி திரும்பி வருகிறது. அடுத்த டோஸுக்கு நேரமாகிவிட்டதா என்று உடனே சார்ட்டைப் பார்க்க வேண்டும்.

‘ப்ரிங் அப்’ என்பதும் அப்படித்தான், ஆளைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். இருமுகிறவரிடம் ‘ஆர் யூ ப்ரிங்கிங் எனிதிங் அப்?’ என்று கேட்டால் சளி வருகிறதா என்று அர்த்தம். வயிற்றுக் கோளாறு உள்ளவரிடம் கேட்டால் வாந்தி. குடும்பக் கதை சொல்லும் பாட்டி ‘ஐ பிராட் அப் ஃபோர் பாய்ஸ்’ என்றால் நான்கு பையன்களை வளர்த்து ஆளாக்கினார் என்று பொருள்.

நேர்காணலுக்காக இன்னொன்று. நம் ஊரில் படிப்பை முடித்ததை ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2016’ என்கிறோம். பிரிட்டனில் ராணுவம், போலீஸ் பயிற்சி முடிப்பவர்களுக்கு அந்தச் சொல் உண்டு. செவிலியர் சொன்னால் மயங்கி விழுந்ததாகத்தான் கேட்பவர் காதில் விழும். ‘குவாலிஃபைட்’ அல்லது ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லுங்கள். மயங்குவது ‘பாஸ் அவுட்’, நினைவு திரும்புவது ‘கம் ரவுண்ட்’. இந்த இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

பதில்: தஞ்சை ஆங்கில ஆசிரியர்

மேலே சகோதரி சொன்னது நல்ல வழி. இலக்கணப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி சேர்க்கிறேன்.

இந்த வகை வினை நமக்குப் புதிதல்ல. எழுதிப்பார், எழுதிவை, எழுதிக்கொடு, எழுதித்தள்ளு என்கிறோம். கட்டுரைகளாக எழுதித்தள்ளினான் என்றால் யாரையும் யாரும் தள்ளவில்லை. தமிழில் துணைவினை செய்யும் வேலையில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் அப், ஆஃப், ஆன், அவுட் போன்றவை செய்கின்றன. ‘ட்ரிங்க் அப்’, ‘யூஸ் அப்’ என்பவற்றில் ‘அப்’ வேலையை முடித்துவிடச் சொல்கிறது; நம் ‘விடு’ போல. ‘கீப் ஆன்’, ‘கேரி ஆன்’ என்பவற்றில் ‘ஆன்’ நம் ‘கொண்டே இரு’. சட்டையை ‘ட்ரை ஆன்’ செய்வது போட்டுப் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது. அதைப் பிரித்துப் பார்த்துப் பயனில்லை, முழுதாகத்தான் மனத்தில் ஏற்ற வேண்டும்.

காதுக்கு ஒரு துப்பு: ‘டேக் ஆஃப்’, ‘பாஸ் அவுட்’ போன்றவை வினையாக வரும்போது பெரும்பாலும் பின்சொல்லை அழுத்திச் சொல்வார்கள். ‘செக்கப்’, ‘பிரேக்டவுன்’ என்று பெயர்ச்சொல்லாகும்போது அழுத்தம் முன்னால் போய்விடும். ஒலிப்பதிவில் ‘ஆஃப்’, ‘அவுட்’ உரக்க விழுந்தால் உடனே விழித்துக்கொள்ளுங்கள்.

பேசும்போது ‘டர்ன் இட் ஆஃப்’ என்று ‘இட்’டை நடுவில் வையுங்கள், ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு. ‘லுக் ஆஃப்டர் ஹர்’ பிரியாது. இவற்றை விதியாகப் படிப்பதைவிட, ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது மேல்.

கேள்வி கேட்டவர்: மதுரைச் செவிலியர்

அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. ‘வேரிங் ஆஃப்’ என்பதை நானும் தலைகீழாகத்தான் புரிந்துகொண்டிருப்பேன். ஒரு சந்தேகம்: ரைட்டிங் பகுதியில் மருத்துவருக்குக் கடிதம் எழுதும்போது ‘த்ரோ அப்’ போன்றவற்றைப் போடலாமா?

பதில்: நாகர்கோவில்காரி

கடிதத்தில் வேண்டாம். அங்கே ‘வாமிட்டிங்’, ‘லாஸ் ஆஃப் அப்பிடைட்’ என்றே எழுதுங்கள். ‘பாஸ்டு அவுட்’ என்று நோயாளி சொன்னதைக் கடிதத்தில் ‘லாஸ் ஆஃப் கான்ஷியஸ்னஸ்’ ஆக்குங்கள். அதற்காக எல்லா ஃபிரேசல் வெர்பும் பேச்சுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிடாதீர்கள். ‘ஃபாலோ அப்’, ‘கேரி அவுட்’ இரண்டும் கடிதத்திலும் தாராளமாக வரும்.

ஸ்பீக்கிங் ரோல்பிளேயில் இதைத் திருப்பிப் போடுங்கள். எதிரே நோயாளியாக நடிப்பவரிடம் ‘ஆன்செட்’ என்று கேட்காமல் ‘வென் டிட் தி பெயின் கம் ஆன்?’ என்று கேளுங்கள். மருந்து தொடங்குவது ‘புட் யூ ஆன்’, நிறுத்துவது ‘டேக் யூ ஆஃப்’.

இறப்பைச் சொல்லும் இடத்தில் மட்டும் விதிவிலக்கு. ‘பாஸ்டு அவே’ நம் ‘தவறிவிட்டார்’ போல மென்மையான சொல்தான். ஆனாலும் குடும்பத்தாரிடம் தெளிவாக ‘டைட்’ (இறந்துவிட்டார்) என்று சொல்லவே இங்கே பயிற்சியில் கற்றுத்தருகிறார்கள். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த உறவினர் ‘அவே’ என்பதைக் கேட்டு, வேறு வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது அல்லவா?

நீங்கள் கேட்கும் ஒலிப்பதிவுகளில் புரியாத வாக்கியங்களை இங்கேயே எழுதுங்கள். இரவுப் பணி இல்லாத நாள்களில் பார்த்துப் பதில் போடுகிறேன்.