பட்டுப்புழுவா, பழத்தோட்டமா? கணக்குப் போட உதவுங்கள்

வணக்கம். இரண்டு ஏக்கரில் பட்டுப்புழுவுக்குத் தீனியாகும் மல்பெரி போடுவதா, மா வைப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன்.

பட்டுப்புழு முட்டை பொரிந்து 25, 30 நாளில் கூடு கட்டிவிடும். வருடத்தில் ஐந்தாறு முறை பணம் பார்க்கலாம். ஆனால் கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசி வளர்ச்சிப் பருவத்தில் புழு தின்னும் வேகம் பயமாக இருக்கிறது. தெரிந்தவர் கொட்டகையில் நின்றபோது, தழை மெல்லும் சத்தம் தூறல் விழுவது போலக் கேட்டது. தழை வெட்டிப் போட ஆள் வேண்டும். வீட்டாள் உழைப்பையும் கூலியாகக் கழித்தால் ஏக்கருக்கு என்ன மிஞ்சுகிறது?

மா ஒட்டுக்கன்று ஒழுங்காகக் காய்க்க நாலைந்து வருடம் ஆகும். அதுவரை ஊடுபயிர் கைகொடுக்குமா?

அப்புறம், மரத்துக்கு அடிக்கும் மருந்து காற்றில் வந்து மல்பெரியில் பட்டால் புழு செத்துவிடும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? உங்கள் வரவு செலவைக் கொஞ்சம் சொல்லுங்கள்.